விதையும் நிலமும்: ஓர் உவமையை உரசிப் பார்ப்போம்

புற்றுநோய் ஓர் உறுப்பில் தோன்றி வேறோர் உறுப்புக்குத் தாவுவதை விளக்க வரும் நூல்கள் அநேகமாக ஓர் உவமையைக் கையாள்கின்றன. புற்றணு விதை, அது போய்த் தங்கும் உறுப்பு நிலம். விதை நாலாபுறமும் சிதறினாலும், ஏற்ற நிலத்தில் விழுந்ததுதான் முளைக்கும். கேட்டவுடன் மனத்தில் பதியும் உவமை இது. அதனாலேயே இதைச் சற்று உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புழங்கிவரும் இந்த உவமை எதைச் சரியாகச் சொல்கிறது? எதை மறைக்கிறது? மறைத்ததனால் நோயாளிக்கு நேரும் இழப்பு யாது?

உவமை வயலிலிருந்து வந்தது. ஆகவே வயலையே முதலில் பார்ப்போம். அரியலூர் மாவட்டத்துச் செந்துறை வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் செம்மண், அதில் முந்திரித் தோப்புகள். இன்னொரு பக்கம் சுண்ணாம்புப் பாறைமேல் படிந்த கரிசல், அதில் பருத்தியும் மக்காச்சோளமும். (அந்தச் சுண்ணாம்பு ஒரு காலத்துக் கடலின் அடித்தரை. 2009-ஆம் ஆண்டில் டைனோசர் முட்டைப் படிவங்கள் கிடைத்ததும் இந்தச் செந்துறைப் பக்கத்தில்தான். அது தனிக் கதை.) தண்ணீர் தேங்கும் கரிசலில் முந்திரியை வைத்தால் உருப்படாது என்பது அங்குள்ள சிறுவனுக்கும் தெரியும். விதைக்கேற்ற நிலம் வேண்டும் என்ற பேச்சு அவனுக்குப் புதிதன்று.

ஆனால் அவனிடம் வேறொரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "மக்காச்சோளத்தைப் பருத்திக் காட்டில் ஊன்றினால் அதில் கொஞ்சம் பஞ்சும் வெடிக்குமா?" சிரிப்பான். நிலம் விளைச்சலைக் கூட்டும், குறைக்கும். விதையின் இயல்பை மாற்றாது. உழவுத் தொழிலே இந்த நம்பிக்கையின்மேல்தான் நடக்கிறது. புற்றணுவின் கதை அப்படியன்று. இங்கேதான் உவமை வழுக்குகிறது.

முதலில் ஒரு சொல்லை வகுத்துக்கொள்வோம். நோய் தொடங்கிய இடத்தில் உள்ளதை முதற்கட்டி என்போம். அதிலிருந்து அணுக்கள் பிரிந்து சென்று, வேறிடத்தில் வளர்வதை மருத்துவர்கள் மெட்டாஸ்டாசிஸ் என்பார்கள். இக்கட்டுரையில் அதைக் கிளைக்கட்டி என்றே அழைப்போம்.

மார்பகத்தில் புற்று வந்து அறுவை செய்துகொண்ட ஒரு பெண்ணுக்கு, சில ஆண்டுகள் கழித்து ஈரலில் கட்டி தெரிகிறது. ஊரார் என்ன சொல்வார்கள்? "இப்ப ஈரல்லயும் கேன்சர் வந்துடுச்சாம்" என்பார்கள். அறிவியல் எழுத்தாளர் உடனே திருத்துவார்: "அது ஈரல் புற்று அன்று, ஈரலுக்குச் சென்ற மார்பகப் புற்று." திருத்தம் சரியானது, அவசியமானதும்கூட. ஈரலிலேயே தோன்றும் புற்றுக்கு உரிய மருந்தை இவருக்குக் கொடுத்தால் பயனில்லை. ஆனால் அந்தத் திருத்தத்தோடு நின்றுவிடுகிறோமே, அதுதான் குறை. ஈரலுக்குப் போன மார்பகப் புற்று, மார்பகத்தில் இருந்த அதே புற்றுதானா? ஊரார் பேச்சில் நாம் தள்ளிவிட்ட ஒரு மணி உண்மை கிடக்கிறது.

பாஜெட் கணக்கு

உவமையின் மூலத்துக்குப் போவோம். லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பாஜெட், 1889-இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மார்பகப் புற்றால் மாண்ட 735 பேரின் குறிப்புகளை அவர் திரட்டினார். அவர்களுள் 241 பேருக்கு ஈரலில் கிளைக்கட்டி இருந்தது. மண்ணீரலில் இருந்ததோ 17 பேருக்கு மட்டுமே.

இந்த இரண்டு எண்களில்தான் கட்டுரையின் உயிர் இருக்கிறது. மண்ணீரலுக்குச் செல்லும் தமனி சிறியது அன்று. ஈரல் தமனிக்கு அது இளைத்ததும் அன்று. இரத்தம் கொண்டுபோய்க் கொட்டும் இடத்திலெல்லாம் புற்று முளைக்கும் என்றால், மண்ணீரலிலும் ஏராளமாக முளைத்திருக்க வேண்டும். முளைக்கவில்லை. எலும்புகளிலும் சில எலும்புகளே அதிகமாகத் தாக்கப்படுவதை அவர் கவனித்தார். எனவே உறுப்புக்கும் இதில் பங்கு உண்டு என்றார். கண் மருத்துவர் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் இத்தகைய எண்ணத்தை அவருக்கு முன்பே வெளியிட்டிருந்தார். பாஜெட் அதை மறைக்கவில்லை; பெயர் சொல்லியே எழுதினார்.

அந்தக் கட்டுரையை இன்று படிப்பவருக்கு அதன் அடக்கம் வியப்பளிக்கும். விதையை ஆராய்வதற்குப் பலர் இருக்கிறார்கள், நிலத்தையும் கொஞ்சம் பார்த்தால் பயன் உண்டு என்ற அளவில்தான் அவர் நின்றார். 'விதை மாறாது' என்று அவர் சொன்னதில்லை. அதை உவமை தானாகவே சொல்லிக்கொண்டது. பின்வந்தவர்கள் அதற்குத் தலையாட்டினார்கள். குறை பாஜெட்டிடம் இருப்பதைவிட நம்மிடமே அதிகம் என்பது என் கருத்து.

அவரை மறுத்தவரும் உண்டு. அமெரிக்க நோய்க்கூற்று அறிஞர் ஜேம்ஸ் யூயிங், 1928-இல், நிலமாவது விதையாவது, எல்லாம் குழாய் வேலை என்னும் கருத்துப்பட எழுதினார். இரத்தமும் நிணநீரும் எந்த வழியாக ஓடுகின்றனவோ, அந்த வழியில் முதலில் எதிர்ப்படும் உறுப்பில் புற்றணு சிக்கிக்கொள்ளும் என்றார். இதையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பெருங்குடல் புற்று ஈரலுக்குப் போவது ஏன்? குடலின் இரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே ஈரலுக்குத்தான் போகிறது. வாய்க்கால் எந்த வயலுக்குப் பாய்கிறதோ அந்த வயலில்தானே களை விதையும் போய்ச் சேரும்!

வழக்கைத் தீர்க்கப் பல ஆய்வுகள் நடந்தன. அவற்றுள் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஹார்ட், ஃபிட்லர் என்ற இருவர் 1980-இல் வெளியிட்டது ஒன்று. சுண்டெலியின் தொடைத் தசையில் நுரையீரல், சூலகம், சிறுநீரகம் ஆகியவற்றின் துண்டுகளை ஒட்டு வைத்தார்கள். பிறகு கரும்புற்று அணுக்களை இரத்தத்தில் செலுத்தினார்கள். ஒட்டு வைத்த நுரையீரல் துண்டிலும் சூலகத் துண்டிலும் கட்டி வளர்ந்தது. சிறுநீரகத் துண்டில் வளரவில்லை. எல்லாத் துண்டுகளுக்கும் இரத்தம் வந்தது ஒரே தொடையிலிருந்துதான் என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது, மனிதரிடமே கண்டது. முற்றிய புற்றினால் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு மூச்சுத் திணறும் நோயாளிகளுக்கு, அந்த நீரைக் கழுத்துச் சிரைக்குத் திருப்பிவிடும் ஒரு குழாயைப் பொருத்துவது உண்டு. துன்பம் தணியும், ஆனால் நீரோடு கோடிக்கணக்கான புற்றணுக்களும் இரத்தத்தில் கலக்கும். அவை முதலில் சேரும் இடம் நுரையீரல். யூயிங் சொன்னது முழுவதும் சரியென்றால் நுரையீரல் கட்டிகளால் நிறைந்துபோக வேண்டும். டேவிட் டாரினும் அவருடைய குழுவினரும் 1984-இல் எழுதியதன்படி அவ்வாறு நேரவில்லை. இறந்தபின் அறுத்துப் பார்த்த பலரிடம் புதிய கிளைக்கட்டி எதுவுமே காணப்படவில்லை. அணுக்கள் போய்ச் சேர்ந்தன, முளைக்கவில்லை.

ஆகவே, எங்கே போய்ச் சேரும் என்பதைப் பெரும்பாலும் வாய்க்கால் தீர்மானிக்கிறது. சேர்ந்தது முளைக்குமா என்பதை நிலம் தீர்மானிக்கிறது. இதுவரை பாஜெட் உவமைக்கு வெற்றிதான்.

உவமை உடையும் இடம்

இனி மரபணுக்களைப் பார்ப்போம். உங்கள் ஈரல் அணுவிலும் மூளை அணுவிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. ஏடுதான். இருபதாயிரம் அளவிலான புரத மரபணுக்கள் இரண்டிலும் உள்ளன. அல்புமின் என்ற புரதத்தைச் செய்யும் குறிப்பு மூளை அணுவிடமும் உண்டு. ஆனால் அது அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை. ஈரல் அணுவோ இரவும் பகலும் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்த வண்ணம் இருக்கும். அந்தப் பிரதிக்குத்தான் ஆர்.என்.ஏ. என்று பெயர். எந்த அணு எந்தப் பக்கத்தை எத்தனை பிரதி எடுக்கிறது என்பதையே மரபணு வெளிப்பாடு என்கிறோம். ஏடு ஒன்று, படிக்கப்படும் பக்கங்கள் வேறு.

புற்றணுவின் ஏட்டில் சில எழுத்துகள் பிழையாகியிருக்கும். அந்தப் பிழைகளை அது எந்த உறுப்புக்குப் போனாலும் சுமந்துகொண்டே போகும். ஆகையால்தான் ஈரலுக்குப் போனாலும் அது மார்பகப் புற்று என்கிறோம். ஆனால் போன இடத்தில் அது எந்தப் பக்கங்களைத் திறக்கிறது? பக்கத்து வீட்டு அணுக்கள் அனுப்பும் செய்திகளைப் பொறுத்து அது மாறுகிறது.

மூளையைப் பாருங்கள். 2011-இல் ஃபிட்லரும் ஹூஸ்டன் நகரத்து எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த அவருடைய தோழர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மனிதப் புற்றணுக்களைச் சுண்டெலிகளின் வெவ்வேறு உறுப்புகளில் வளரவிட்டு, ஒவ்வோர் இடத்திலும் அவை எந்த மரபணுக்களை வெளிப்படுத்துகின்றன என்று அளந்தார்கள். மூளையில் வளர்ந்தவை அடியோடு மாறியிருந்தன. நரம்பணுக்களுக்கு உரிய மரபணுக்கள் அவற்றில் திறந்திருந்தன. விதை அதேதான், இடம்தான் வேறு. இருந்தும் சோளத்தில் பஞ்சு வெடித்துவிட்டது!

இதைவிடக் கூர்மையானது, அதே மையத்திலிருந்து 2015-இல் வந்த ஆய்வு. புற்று வளர்ச்சிக்குக் கடிவாளமாக இருக்கும் மரபணு ஒன்று உண்டு. பி-டென் என்று பெயர். மூளைக்குச் சென்ற புற்றணுக்களில் இந்தக் கடிவாளம் தளர்ந்திருந்தது. டி.என்.ஏ. அறுந்துவிட்டதா என்றால், இல்லை. மூளையில் நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் நட்சத்திர வடிவ அணுக்கள் நுண்ணிய பைகளில் குட்டி ஆர்.என்.ஏ. துணுக்குகளைப் போட்டு அனுப்புகின்றன. அவை பி-டென் பிரதிகளை அடக்கிவிடுகின்றன. அதே புற்றணுக்களை மூளையிலிருந்து வெளியே எடுத்து வளர்த்தபோது பி-டென் திரும்பவும் வந்துவிட்டது. வேறு உறுப்புகளில் வளர்ந்த அணுக்களில் அந்த இழப்பே இல்லை.

சற்று நிறுத்தி இதை மறுபடி யோசியுங்கள். வெறும் டி.என்.ஏ. சோதனை செய்திருந்தால் 'பி-டென் நலம்' என்று ரிப்போர்ட் வந்திருக்கும். எழுத்து கெடவில்லையே! மூளையில் நடந்த கூத்து அதில் தெரிந்தே இராது.

எலும்பின் கதை இன்னொரு விதம். பிராஸ்டேட் புற்று எலும்புக்குப் போனால், எலும்பைக் கட்டும் அணுக்களுக்கு உரிய சில புரதங்களைத் தானும் செய்யத் தொடங்குகிறது. ஊரோடு ஒத்து வாழ்கிறது எனலாம். மார்பகப் புற்றணு எலும்பில் செய்வதோ வேறு. எலும்பைக் கரைக்கும் அணுக்களை அது தூண்டிவிடுகிறது. எலும்பு கரையும்போது அதில் புதைந்து கிடந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளிப்பட்டுப் புற்றணுவுக்கே உரமாகின்றன; அது மேலும் தூண்டுகிறது. நிலத்தைத் தின்று கொழுக்கும் விதை! சோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் ஆகிய மருந்துகள் புற்றணுவைத் தேடிப் போகாமல் எலும்புக் கரைப்பை நிறுத்தியே பயன் தருகின்றன. நிலத்துக்கு வைத்தியம் பார்க்கும் மருந்துகள் இவை. பாஜெட் உயிரோடு இருந்தால் மகிழ்ந்திருப்பார்.

விதை வருமுன்பே நிலம் பண்படுத்தப்படுவதும் உண்டு. முதற்கட்டி வெளியிடும் நுண்பைகள் தொலைவிலுள்ள உறுப்பில் போய் ஒட்டிக்கொண்டு அதைத் தயாராக்குகின்றன என்று டேவிட் லைடன் குழுவினர் 2015-இல் காட்டினார்கள். பையின்மேல் இருக்கும் ஒட்டுப் புரதத்தைப் பொறுத்து அது நுரையீரலுக்கா ஈரலுக்கா என்பது அமைகிறதாம். இவ்வளவும் 'விதை, நிலம்' என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்குமா?

மண்ணோடு சேர்த்து எடை போட்டால்

உவமையைக் குறை கூறிவிட்டுப் புதிய ஆய்வுகளை அப்படியே விழுங்குவது நியாயமாகாது. அவற்றையும் சலித்துப் பார்க்க வேண்டும்.

நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரோடு மண்ணும் வருகிறது. மண்ணை உதறாமல் தராசில் வைத்து, 'இவ்வளவு கடலை' என்று கணக்கு எழுதினால் வியாபாரி ஒப்புக்கொள்வாரா? ஈரலில் உள்ள கிளைக்கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து மொத்தமாக அரைத்து ஆர்.என்.ஏ.-வை அளந்தால் இதேதான் நடக்கிறது. அல்புமின் மரபணு ஓங்கி ஒலிக்கும். புற்றணு ஈரலைப் போல நடக்கத் தொடங்கிவிட்டது என்று எழுதிவிடலாம். ஆனால் அந்த அல்புமின், துணுக்கில் ஒட்டிக்கொண்டு வந்த நல்ல ஈரல் அணுக்களுடையதாகவும் இருக்கலாமே! கிளைக்கட்டிகளின் மரபணு வெளிப்பாடு உறுப்புக்கு உறுப்பு மாறுகிறது என்று சொல்லும் எந்தக் கட்டுரையையும் நீங்கள் படிக்க நேர்ந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: மண்ணை உதறினார்களா?

மேலே சொன்ன 2011 சோதனையின் சிறப்பு இதில்தான் இருக்கிறது. புற்று மனிதனுடையது, உறுப்பு எலியுடையது. இரண்டு இனங்களின் மரபணு எழுத்துகளும் சற்றே வேறுபடுவதால், எந்தப் பிரதி யாருடையது என்று பிரித்துவிடலாம். மனித நோயாளியிடம் இந்த வசதி கிடையாது. கட்டியும் அவருடையது, ஈரலும் அவருடையது. இப்போது அணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அளக்கும் முறை வந்திருக்கிறது. செலவு அதிகம், ஆனால் மண்ணை உதறும் வேலையை அது செய்கிறது.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். மார்பகப் புற்று எலும்புக்குச் செல்ல எந்த மரபணுக்கள் துணை, நுரையீரலுக்கு எவை, மூளைக்கு எவை என்று மூன்று பட்டியல்களை 2003, 2005, 2009 ஆகிய ஆண்டுகளில் நியூயார்க்கில் ஜோன் மசாகே குழுவினர் வெளியிட்டார்கள். அருமையான உழைப்பு. மூன்று பட்டியல்களும் பெரும்பாலும் வேறு வேறாக இருந்தன என்பதே ஒரு பெரிய செய்தி. ஆனால் அவற்றில் முக்கியமாகப் பயன்பட்ட அணுக்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? எம்.டி.ஏ.-எம்.பி.-231 என்ற பெயரில் உலகெங்கும் ஆய்வகங்களில் வளரும் அணுக்கள் அவை. 1973-இல், 51 வயதுப் பெண் ஒருவரின் நுரையீரல் உறையில் கோத்த நீரிலிருந்து எடுத்தவை. ஒரே பெண்மணி! அவ்வணுக்களை எதிர்ப்பாற்றல் இல்லாத எலியின் இரத்தத்தில் ஊசிமூலம் செலுத்துகிறார்கள். முதற்கட்டியிலிருந்து பிரிந்து, தப்பிப் பிழைத்து, வழி தேடிப் போகும் முன்பாதிப் பயணம் அங்கே நடப்பதே இல்லை. ஒரு வயலில் எடுத்த ஒரு கதிரை வைத்து மாவட்டத்துச் சாகுபடியை எழுதுவது போன்றது இது. தொடக்கத்துக்கு ஆகும், முடிவுக்கு ஆகாது.

மாறுதல்கள் எல்லாவற்றையும் நிலத்தின் தலையில் கட்டுவதும் தவறு. ஃபிட்லரும் மார்கரெட் கிரிப்கேயும் 1977-இலேயே காட்டியபடி, ஒரே கட்டிக்குள் பல குணமுள்ள அணுக்கள் கலந்து இருக்கின்றன. மூட்டையில் பத்து ரக விதை கலந்திருந்து, அதில் ஒரு ரகம் மட்டும் ஈரலில் முளைத்திருந்தால், 'ஈரல் விதையை மாற்றிவிட்டது' என்று சொல்ல முடியுமா? தேர்ந்தெடுத்தது, அவ்வளவுதான். மாற்றமா தேர்வா என்று பிரித்துச் சொல்லாத ஆய்வுகளை நான் பாதி முடிந்த ஆய்வுகள் என்றே கருதுகிறேன்.

பழைய ரிப்போர்ட்டை நம்பலாமா?

மனிதரிடம் கண்டது என்ன? 2023-இல் 'அரோரா' என்ற அமெரிக்கக் கூட்டாய்வின் முடிவுகள் வெளியாயின. 55 மார்பகப் புற்று நோயாளிகளின் முதற்கட்டிகளையும் கிளைக்கட்டிகளையும் அருகருகே வைத்து டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டையும் படித்தார்கள். ஏறத்தாழ 30 சதவீத மாதிரிகளில் புற்றின் வெளிப்பாட்டு வகையே மாறியிருந்தது. 17 சதவீதக் கிளைக்கட்டிகளில் எச்.எல்.ஏ.-ஏ என்ற மரபணுவுக்கு அருகே பூட்டு விழுந்திருந்தது, அல்லது அந்தப் பகுதியே அறுந்திருந்தது. உடலின் காவல் அணுக்களுக்கு அடையாளச் சீட்டைக் காட்டும் மரபணு அது. சீட்டைக் காட்டாவிட்டால் காவலர் வருவதில்லை. சிறப்பாக மூளையிலும் ஈரலிலும் உள்ள கிளைக்கட்டிகளில் காவல் அணுக்கள் குறைந்திருந்தன. காவல் அணுக்களை முடுக்கிவிடும் புதிய மருந்துகளின் காலத்தில் இது சாதாரணச் செய்தி அன்று.

இதைவிட எளிய சோதனை ஒன்று நம் ஊர் நோயாளிகள் பலருக்குப் பழக்கமானது. மார்பகக் கட்டியின் பயாப்சி ரிப்போர்ட்டில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டரோன் ஏற்பி, ஹெர்-2 என்று மூன்று வரிகள் இருக்கும். முதல் ஏற்பி இருந்தால் டமாக்சிபென் போன்ற மாத்திரை பயன்படும். ஹெர்-2 மிகுந்திருந்தால் டிராஸ்டுசுமாப் ஊசி பயன்படும். இல்லாதவருக்கு இவை வீண்செலவு. முதற்கட்டியையும் கிளைக்கட்டியையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான கணக்கின்படி, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் சுமார் 20 சதவீதமும், புரோஜெஸ்டரோன் ஏற்பியில் சுமார் 33 சதவீதமும், ஹெர்-2-வில் சுமார் 8 சதவீதமும் இரண்டு கட்டிகளின் விடையும் ஒத்துப்போகவில்லை. இதில் ஒரு பங்கு சோதனைச்சாலைக் கோளாறாக இருக்கலாம். முழுவதும் அப்படி இருக்க முடியாது.

இப்போது செந்துறைக்குத் திரும்புங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் திருச்சியிலோ தஞ்சையிலோ சென்னையிலோ அறுவை செய்துகொண்ட பெண்ணுக்கு இன்று எலும்பிலோ ஈரலிலோ கட்டி தெரிகிறது. ஸ்கேன் காட்டிவிட்டது; பழைய ரிப்போர்ட் பையில் இருக்கிறது. அதைப் பார்த்தே மருந்து எழுதிவிடலாமா? 'விதை மாறாது' என்று நம்பினால், எழுதலாம். முதன்முதலாகக் கிளைக்கட்டி தென்படும்போது, இயன்றவரை அதிலிருந்து துணுக்கு எடுத்து ஏற்பிகளை மறுபடி சோதிக்க வேண்டும் என்று உலக மருத்துவ வழிகாட்டிகள் கூறுகின்றன. உவமையின் குறை ஏட்டுக் குறையாக நிற்காமல் மருந்துச் சீட்டுவரை வந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் நாட்டிலும் வேலை நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரி 3-ஆம் நாள் 'பாரத் புற்றுநோய் மரபணுத் தொகுப்பு' ஒன்றை வெளியிட்டது. 480 மார்பகப் புற்று நோயாளிகளின் திசுக்களிலிருந்து 960 எக்ஸோம்களைப் படித்துத் தொகுத்தது அது. வெளிநாட்டவர் ஏடுகளை வைத்தே நம் பெண்களுக்கு மருந்து தேடிய நிலையில், இது வரவேற்கத்தக்க பணி. ஆனால் எக்ஸோம் என்பது ஏட்டிலுள்ள புரதக் குறிப்புகளின் எழுத்துகள். எந்த எழுத்து பிழை என்று அது சொல்லும். எந்த உறுப்பில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று சொல்லாது. அது அதன் வேலையும் அன்று. பத்திரிகைகள் இத்தகைய செய்தியை 'புற்றின் ரகசியம் அவிழ்ந்தது' என்ற தோரணையில் எழுதும்போதுதான் எரிச்சல் வருகிறது. பி-டென் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இத்தகைய தொகுப்புக்கு ஒரு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் என்பார் தலைமையில் 500 நோயாளிகளின் கிளைக்கட்டிகளைப் படித்து 2017-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். இருபதுக்கு மேற்பட்ட உறுப்புகளிலிருந்து துணுக்குகள் எடுக்கப்பட்டன. டி.என்.ஏ.-வோடு ஆர்.என்.ஏ.-வையும் படித்தார்கள். முதற்கட்டியை விட்டுவிட்டுக் கிளைக்கட்டியையே நேரடியாகக் கேட்ட முயற்சி அது. நம்மிடமும் அப்படி ஒன்று வேண்டும்.

அதற்குத் தடை பணம் மட்டுமன்று. பாஜெட்டுக்கு 735 பேரின் குறிப்புகள் கிடைத்தது இறந்தவர்களை அறுத்துப் பார்க்கும் வழக்கம் அங்கே இருந்ததால்தான். நம் ஊரில் முற்றிய நோயாளியை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறோம். வீட்டிலேயே உயிர் பிரிகிறது. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அவருடைய ஈரலிலும் எலும்பிலும் மூளையிலும் இருந்த கட்டிகள் ஒன்றுக்கொன்று எவ்வாறு வேறுபட்டன என்ற செய்தி எரிந்தோ மண்ணில் கலந்தோ போய்விடுகிறது. சென்னையில் 1982 முதல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நடத்திவரும் பதிவேடு, எந்த உறுப்பில் எத்தனை பேருக்குப் புற்று தோன்றியது என்று ஆண்டுதோறும் சொல்கிறது. பெண்களிடையே ஒரு காலத்தில் முன்னே நின்ற கருப்பை வாய்ப் புற்றை மார்பகப் புற்று முந்திவிட்டதை அந்தக் கணக்கால்தான் அறிந்தோம். அது தோன்றிய இடத்தின் கணக்கு. போய்ச் சேர்ந்த இடங்களில் கட்டி என்ன ஆனது என்பதற்கு வேறு ஏடு வேண்டும்.

ஒரு விந்தையைக் கவனித்தீர்களா? மார்பகப் புற்று மிக அதிகமாகக் கிளைவிடும் இடம் எலும்பு. ஆனால் மரபணு வெளிப்பாட்டு ஆய்வுகளில் எலும்புத் துணுக்குகள் குறைவு. காரணம் மிகச் சாதாரணமானது. எலும்பைச் சீவிப் பார்க்க வேண்டுமானால் முதலில் அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும். ஆய்வகத்தில் அமிலத்தில் ஊறவைப்பார்கள். சுண்ணாம்போடு ஆர்.என்.ஏ.-வும் சிதைகிறது, ஏற்பிச் சோதனைகூடச் சில சமயம் பொய் சொல்லும். இருக்கும் ஏற்பியை இல்லை என்று காட்டும். ஈ.டி.டி.ஏ. என்ற மென்மையான கரைப்பானைப் பயன்படுத்தினால் சேதம் குறைவு. ஆனால் பல நாட்கள் பிடிக்கும். அவசரத்தில் அமிலம்தான் கைக்கு வருகிறது.

ஆகவே எலும்புத் துணுக்கில் 'ஏற்பி இல்லை' என்று வந்தால், எதில் ஊறவைத்தார்கள் என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. முடிந்தால் ஈரல், நிணநீர்க்கணு போன்ற மென்மையான இடத்திலிருந்து துணுக்கு எடுக்க முடியுமா என்றும் கேட்கலாம். எல்லாருக்கும் முடியாது, மூளைக்குள் ஊசி விடுவது எளிதா என்ன? உடல் தளர்ந்துவிட்ட நோயாளியைத் துன்புறுத்துவதும் முறையன்று. அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆனால் கேள்வி எழ வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்கேனும் அறுவை நடந்திருந்தால் ஒன்று செய்யுங்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் பத்திரப்படுத்தினால் போதாது. கட்டியின் துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். விரற்கடை அளவுள்ள அந்தக் கட்டிக்கு 'பிளாக்' என்று பெயர். அதன் எண் ரிப்போர்ட்டிலேயே இருக்கும். மருத்துவமனையில் கேட்டால், தேவைப்படும்போது அதைப் பெற்றுக்கொள்ள முடியும். ஆண்டுகள் பல கழித்துக் கிளைக்கட்டி தென்பட்டால், புதிய துணுக்கோடு அந்தப் பழைய மெழுகுக் கட்டியையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே நாளில், ஒரே சாயத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். அப்போது தெரியும் வேறுபாட்டைச் சோதனைச்சாலைக் கோளாறு என்று எளிதில் தள்ளிவிட முடியாது.